கருவியும் கலைஞனும்: அச்சம் வென்ற வரலாறு

முன்னுரை

வில் வேட்டைக்கும் போருக்கும் பிறந்த கருவி. அதில் மணிகளைக் கட்டி, ஒரு மண்குடத்தோடு சேர்த்து நிறுத்தி, வீசுகோலால் நாணைத் தட்டிக் கதை பாடத் தொடங்கிய அன்றே அது இசைக்கருவி ஆயிற்று. நாஞ்சில் நாட்டின் தனிச்சிறப்பாக விளங்கும் வில்லுப்பாட்டு, கொலைக்கருவியைக் கலைக்கருவியாக மாற்றிய நம் முன்னோரின் துணிவுக்குச் சான்றாகும். ஆயினும், ஒவ்வொரு காலத்திலும் புதிய கருவி ஒன்று வந்து வாயிலில் நிற்கும்போது, கலைஞனின் உள்ளம் சற்றே நடுங்கத்தான் செய்கிறது.

இன்று அவ்வாறு வந்து நிற்பது செயற்கை நுண்ணறிவு. கேட்ட மாத்திரத்தில் கவிதை எழுதும் பொறியும், தூரிகை தொடாமல் ஓவியம் தீட்டும் பொறியும், மறைந்தவர் குரலில் பாடும் பொறியும் வந்துவிட்டன. "இனிக் கவிஞன் எதற்கு? ஓவியன் எதற்கு? பாடகன் எதற்கு?" என்று இளைஞர்கள் வினவுகின்றனர். இவ்வினா புதியதன்று. அச்சு வந்தபோது எழுந்தது. இசைத்தட்டு வந்தபோது எழுந்தது. பேசும்படம் வந்தபோதும் எழுந்தது. அன்று அஞ்சியவர் யார், அஞ்சாது நின்றவர் யார், அவர்கள் எவ்வாறு அச்சம் வென்றனர் என்பதை நம் மண்ணின் மைந்தர் ஒருவரை நடுநாயகமாக வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அச்சத்தின் மூன்று வேர்கள்

கலைஞனின் அச்சத்தைக் கோழைத்தனம் என்று தள்ளிவிடலாகாது. அதற்கு மூன்று வேர்கள் உண்டு. முதலாவது, பிழைப்பைப் பற்றிய அச்சம்: பத்துப் பேர் செய்த வேலையை ஒரு பொறி செய்துவிட்டால், ஒன்பது குடும்பங்களின் அடுப்பு என்னாகும்? இரண்டாவது, கலையின் உயிரைப் பற்றிய அச்சம்: பொறி தருவது நிழல்தானே, நிழலைக் கண்டு நிறைவடைந்த மக்கள் நிஜத்தைத் தேடி வருவார்களா? மூன்றாவது, தன் அறியாமையைப் பற்றிய அச்சம்: இத்தனை ஆண்டு கற்ற வித்தையில் தான் குருவாக இருக்க, இப்புதிய கருவியின் முன் சிறுவனைப் போல் நிற்க நேருமோ?

மூன்றாவது அச்சத்தைக் கல்வி போக்கும். முதலிரண்டும் கல்வியால் மட்டும் போவன அல்ல. அவற்றுள் உண்மையும் கலந்திருக்கிறது. அந்த உண்மையை ஒப்புக்கொண்டு, அதற்கு மாற்றுக் கண்டவர்களே வென்றிருக்கின்றனர் என்பதை வரலாறு காட்டுகிறது.

ஏட்டிலிருந்து அச்சுக்கு

உதுமானியப் பேரரசில் இபுராகீம் முத்தஃபரிக்கா என்பார் 1727ஆம் ஆண்டில் அச்சகம் நிறுவ அரசாணை பெற்றார். அவ்வாணை சமய நூல்களுக்கு இடமளிக்கவில்லை. அகராதி, வரலாறு, நிலநூல் போன்றவற்றையே அச்சிட இசைந்தது. திருமறையையும் சமய நூல்களையும் கையால் எழுதும் கலையில் தலைமுறை தலைமுறையாக ஊறிய எழுத்துக் கலைஞர்கள் அந்நாட்டில் மிகுதியாக இருந்தனர். ஈயத்தில் வார்த்த எழுத்துக்களால் அரபு எழுத்தின் வளைவுகளையும் இணைப்புகளையும் கையெழுத்தின் அழகோடு காட்டுவதும் அரிதாயிருந்தது. இவ்விடத்தில் பிழைப்பின் அச்சமும் அழகின் அச்சமும் ஒருங்கே நின்றன.

இச்சிக்கலை அவிழ்க்கப் பெரிதும் துணைநின்றது மற்றொரு தொழில்நுட்பம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செருமானியரான செனெஃபெல்டர் கண்டறிந்த கல்லச்சு முறையில், எழுத்துக் கலைஞன் எழுதியதை எழுதியவாறே ஆயிரம் படிகள் எடுக்க முடிந்தது. கையின் அழகு அழியவில்லை, பெருகியது. தமிழக முஸ்லிம்களின் அரபுத்தமிழ் நூல்கள் பலவும் கல்லச்சில் வெளிவந்தன என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

உமறுப்புலவரின் சீறாப்புராணம் நெடுங்காலம் ஏட்டுச் சுவடிகளில் வழங்கி வந்தது. ஷெய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அதனை 1842ஆம் ஆண்டில் அச்சில் கொணர்ந்தார். கறையானுக்கும் ஈரத்துக்கும் தப்பி அக்காப்பியம் இன்று நம் கல்லூரிப் பாடநூலில் இடம்பெறுவதற்கு அம்முயற்சியே அடிகோலிற்று. அச்சுப்பொறி அங்குத் தானாக ஒன்றையும் காக்கவில்லை. காக்கவேண்டியது எது என்று அறிந்த புலமை அதைப் பயன்படுத்திக்கொண்டது.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இணைந்திருந்தது. அத்திருவிதாங்கூர் ஈன்ற ஓவியர் ராஜா ரவிவர்மா (1848-1906). அரண்மனைச் சுவர்களை அணிசெய்த தம் ஓவியங்கள் எளியோர் இல்லங்களுக்கும் செல்லவேண்டும் என்று விரும்பி, 1894இல் பம்பாயில் வண்ணக் கல்லச்சகம் ஒன்றைத் தொடங்கினார். படியெடுத்தால் ஓவியத்தின் மதிப்பு குன்றும் என்று அவர் அஞ்சவில்லை. எனினும் அச்சகத்தை நடத்தும் வணிகச் சுமையைத் தாங்க இயலாமல், சில ஆண்டுகளிலேயே அதைச் செருமானியர் ஒருவருக்கு விற்றுவிட்டார். படங்கள் நாடெங்கும் பரவின. பொறி மட்டும் கைமாறியது. கருவியைக் கைக்கொள்வது வேறு, கைவிடாமல் காப்பது வேறு என்பதற்கு இந்நிகழ்ச்சி எடுத்துக்காட்டாகும்.

மூன்று நிமிட இசைத்தட்டு

1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரலை கிராமபோன் நிறுவனத்தார் பதிவு செய்தனர். அக்காலப் பதிவில் ஒலிவாங்கி இல்லை. பெரிய புனல் ஒன்றின் வாயருகே நின்று உரத்த குரலில் பாட வேண்டும்; அவ்வதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கீற்றும். ஏறத்தாழ மூன்று நிமிடத்தில் பாட்டு முடிந்தாக வேண்டும். ஓர் இராகத்தை ஒரு மணி நேரம் விரித்துப் பாடிப் பழகியவர்க்கு இது சிறைவாசமன்றி வேறென்ன? கௌஹர் ஜான் அச்சிறிய இடத்துக்குள் இராகத்தின் சாரத்தைப் பிழிந்து தரும் முறையைத் தாமே வகுத்துக்கொண்டார். பாட்டின் இறுதியில் தம் பெயரை உரக்கக் கூறுவதும் அவர் வழக்கம். யார் பாடியது என்பதைப் பாடியவரே தம் குரலில் பொறித்துவிட்டார்!

தமிழகத்தில் காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை போன்ற பெரும் வித்துவான்கள் இசைத்தட்டில் பாட இசையவில்லை. மேடையில் அவர் நிகழ்த்திய இலய விந்தைகளைக் கேட்டோர் வியந்து பேசினர். நமக்கு அப்பேச்சுத்தான் எஞ்சியது, குரல் எஞ்சவில்லை. மாறாக, நாகசுரச் சக்கரவர்த்தி டி. என். இராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டில் ஏறியதால், அவரை நேரில் காணாத தலைமுறையும் அதைக் கேட்டு இன்புறுகிறது. மறுத்தவரின் தன்மானத்தை நாம் மதிக்கலாம். ஆனால் அதற்குப் பின்வந்தோர் கொடுத்த விலையையும் மறக்கலாகாது.

ஒலிபெருக்கி வந்த கதையும் இத்தகையதே. சங்கரதாசு சுவாமிகளின் (1867-1922) காலத்து நாடக மேடையில், கொட்டகையின் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பாடக்கூடிய குரலே குரல் எனப்பட்டது. ஒலிவாங்கி வந்தபின், மென்குரலும் மேடையேற வழி பிறந்தது; தாழ்ந்த சுருதியில் நுட்பமாகப் பாடுவோரும் அவை நிறையக் கேட்கப்பட்டனர். உரத்த குரல் வலிமை இழந்ததா என்றால் அதுவும் இல்லை. நாகூர் இ. எம். ஹனீபாவின் (மறைவு 2015) வெண்கலக் குரல் ஒலிபெருக்கியிலும் இசைத்தட்டிலும் பின்னர் ஒலிநாடாவிலும் ஊர்தோறும் ஒலித்தது. திருமண வீடுகளும் விழாப் பந்தல்களும் அக்குரலை நன்கு அறியும். கருவி மாறிக்கொண்டேயிருந்தது, குரல் நிலைத்து நின்றது.

அச்சத்துள் உண்மை உண்டு என்பதற்கு ஆர்மோனியம் சான்று. மேலைநாட்டிலிருந்து வந்து நம் நாடக மேடையில் கோலோச்சிய அக்கருவியை, அகில இந்திய வானொலி 1940இல் விலக்கி வைத்தது. அதன் கட்டைகள் நிலைத்த சுரங்களையே தருவதால், நம் இசைக்கு உயிரான கமகங்களை அதில் குழைத்துக் காட்ட முடியாது என்பது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. அக்குறை மெய்யே. ஆனால் தடையால் அக்கருவி மறையவில்லை. கவ்வாலி மேடையிலும் நாடகத்திலும் பசனையிலும் வாழ்ந்தது. 1971இல் வானொலியும் தடையைத் தளர்த்தியது. கருவியின் குறையை அறிந்து அளவோடு ஆளுவதே அறிவுடைமை. வாயிலைச் சாத்துவதால் பயன் விளைவதில்லை.

ஒழுகினசேரியிலிருந்து ஒரு கலைஞர்

இனி நம் மண்ணின் மைந்தரைக் காண்போம். நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908 நவம்பர் 29ஆம் நாள் எளிய குடும்பத்தில் பிறந்தவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். கோவில் கொடை விழாக்களில் ஒலிக்கும் வில்லுப்பாட்டே அவருக்கு வாய்த்த முதற் கலைப்பள்ளி. பின்னர் டி. கே. எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்து, பல வேடங்களில் பயின்று, நகைச்சுவையில் தேர்ந்தார்.

1931 அக்டோபர் 31இல் முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' வெளிவந்தது. நாடக உலகில் அது எழுப்பிய கலக்கம் சிறிதன்று. ஊர் ஊராகக் கொட்டகையிட்டு, ஐம்பது அறுபது பேருக்குச் சோறிட்டு வாழ்ந்த குழுக்களின் எதிரில், ஒரு தகரப்பெட்டியில் அடங்கும் படச்சுருள் வந்து நின்றது. நடிகருக்கோ வேறோர் இடர்ப்பாடு. மேடையில் பார்வையாளர் கண்ணெதிரே இருப்பர். அவர்கள் சிரிப்பைக் கேட்டே நகைச்சுவை நடிகன் தன் அடுத்த சொல்லை எடுப்பான். படப்பிடிப்பில் சிரிப்பவர் எவருமில்லை. கண்ணிமைக்காத ஒரு கண்ணாடிக் கண் மட்டுமே உண்டு. கதையும் முன்பின்னாகத் துண்டு துண்டாக எடுக்கப்படும்.

டி. கே. எஸ். குழுவினர் நடித்த 'மேனகா' 1935இல் திரைக்கு வந்தது. கிருஷ்ணன் அதில் தோன்றினார். அடுத்த ஆண்டு வெளியான 'சதிலீலாவதி'யை இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர்; அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழறியா இயக்குநரும் திரைநுட்பத்துக்குப் புதியவரான நாடக நடிகரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்ற காலம் அது.

அதே 1936இல் உலகின் மறுகோடியில் நிகழ்ந்ததை ஒப்பிட்டுப் பார்ப்பது சுவை பயக்கும். ஊமைப்பட உலகின் மன்னரான சார்லி சாப்ளின் பேசும்படத்தை ஐயத்தோடு நோக்கினார். 1927இல் பேச்சு திரைக்கு வந்தும், 1931இல் அவர் வெளியிட்ட 'சிட்டி லைட்ஸ்' பேசவில்லை. 1936இல் வந்த 'மாடர்ன் டைம்ஸ்' படத்தில், எந்த மொழியும் அல்லாத பொருளற்ற சொற்களால் ஒரு பாட்டுப் பாடி, தம் குரலை முதன்முதலாக உலகுக்குக் கேட்பித்தார். 1940இல்தான் 'தி கிரேட் டிக்டேட்டர்' வழியாக முழுமையாகப் பேசினார். அஞ்சியதால் அவர் சிறுமையுறவில்லை. பேசத் தக்க பொருள் வாய்க்கும்வரை காத்திருந்து, வாய்த்தபோது கொடுங்கோன்மைக்கு எதிராகப் பேசினார். கலைவாணரோ பேச்சையும் பாட்டையும் கையில் வைத்துக்கொண்டே திரைக்குள் நுழைந்தவர். இருவர் வழியும் வேறு. கருவிக்குத் தம்மை ஒப்படைக்காமல், அதைத் தம் நோக்கத்துக்கு ஆட்படுத்தியதில் இருவரும் ஒருவரே.

கலைவாணர் கண்ட வழி யாது? பிறர் எழுதித் தந்ததை ஒப்பித்துவிட்டு ஊதியம் பெற்றுச் செல்லும் நடிகராக அவர் இருக்கவில்லை. தம் நகைச்சுவைப் பகுதிகளைத் தாமே அமைத்தார். தம் குழுவினரோடு பயின்று தனியாகப் படமெடுக்கச் செய்தார். அப்பகுதிகள் படங்களில் இணைக்கப்பட்டன. வாழ்க்கைத் துணைவியான டி. ஏ. மதுரமும் அக்கலையில் சமபங்கு ஏற்றார். பின்னர் 'மணமகள்' (1951), 'பணம்' (1952) ஆகிய படங்களைத் தாமே இயக்கினார். கருவியின் முன் நிற்பவராகத் தொடங்கியவர், கருவியின் பின் நிற்பவராகவும் உயர்ந்தார். அச்சத்தை வெல்லும் மருமம் இதுவே என்பது இக்கட்டுரையாளர் கருத்து. கருவிக்கு முன்னால் மட்டும் நிற்பவன் அதற்கு இரையாகலாம். அதன் பின்னாலும் நிற்கத் தெரிந்தவன் அதற்குத் தலைவனாகிறான்.

அவர் பழங்கலையைக் கைவிடவில்லை என்பதும் நோக்கத்தக்கது. 1949இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்தில் அவர் நிகழ்த்திய 'கிந்தனார்' காலட்சேபத்தைச் சான்றாகக் கொள்ளலாம். நந்தனார் சரித்திரக் காலட்சேபத்தின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, தில்லைக்குச் செல்ல ஏங்கிய நந்தனாரின் இடத்தில், பட்டணம் சென்று படிக்க ஏங்கும் ஒடுக்கப்பட்ட சிறுவனை வைத்தார். அச்சிறுவனைப் பட்டணத்துக்கு ஏற்றிச் செல்வது தொடர்வண்டி! அதன் சக்கர ஓசையும் புகையும் காலட்சேபப் பாட்டின் தாளத்துக்குள் வந்து அமர்கின்றன. பழைய கலைவடிவம், புதிய பொறியைப் பாடுபொருளாக்கி, திரைப்படம் என்னும் மற்றொரு புதிய பொறியின் வழியே மக்களைச் சென்றடைந்தது. அதே படத்தில், விஞ்ஞானத்தை வளர்ப்பது பற்றிய பாட்டு ஒன்றும் உண்டு. பொத்தானை அழுத்தினால் சிற்றுண்டி வந்து நிற்கவேண்டும் என்று பெண்ணொருத்தி ஆசைப்படுவதாக அமைந்த அப்பாட்டில் நகைப்பும் உண்டு, அடுப்படியில் உழலும் பெண்ணின் சுமை குறையவேண்டும் என்னும் நியாயமும் உண்டு. பொறியைக் கண்டு மருண்டவரால் பொறியை வைத்து இவ்வாறு சிரிக்க முடியாது.

வில்லுப்பாட்டையும் அவர் மறந்தாரல்லர். நெல்லை மாவட்டத்துச் சத்திரம் புதுக்குளத்தில் 1928இல் பிறந்த சுப்பு ஆறுமுகத்தைச் சென்னைக்கு அழைத்துச் சென்று ஊக்குவித்தவர் கலைவாணரே. அவர் வழியே வில்லிசை நகரத்து மேடைகளிலும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலித்தது. 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்ற சுப்பு ஆறுமுகம் 2022 அக்டோபரில் மறைந்தார். கலைவாணரோ 1957 ஆகஸ்டு 30இலேயே மறைந்துவிட்டார். அவர் இட்ட வித்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் பயன் தந்தது.

இழப்பும் இழப்பீடும்

இவ்வரலாற்றை வெற்றிக்கதையாக மட்டும் கூறிச் செல்வது நேர்மையாகாது. பின்னணி பாடும் முறை வந்தபின், பாடத் தெரிந்தவரே நடிகர் என்னும் நிலை மாறிற்று. குரலால் புகழ்பெற்ற நடிகர் பலர் ஒதுங்க நேர்ந்தது. திரைப்படம் பெருகப் பெருக நாடகக் கொட்டகைகள் வெறிச்சோடின. அங்கிருந்த திரைச்சீலை ஓவியர், ஒப்பனையாளர், பின்பாட்டுக்காரர் அனைவர்க்கும் திரையுலகில் இடம் கிடைத்துவிடவில்லை.

மின்னிசைக் கருவிகளும் கணிப்பொறியும் திரையிசைக்குள் புகுந்தபோதும் இதுவே நிகழ்ந்தது. ஏ. ஆர். ரஹ்மான் 1989இல் தம் இல்லத்தருகே சொந்த ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். 1992இல் 'ரோஜா' வெளிவந்தது. பிறர் கூடத்தில் மணிக்கணக்கில் வாடகை செலுத்திப் பாட்டமைக்கும் கட்டாயம் இல்லாததால், ஓர் ஓசையைத் தேடிப் பல நாள் செலவிட அவரால் முடிந்தது. கருவிக்குப் பின்னால் நிற்பதன் பயனுக்கு அது நல்ல எடுத்துக்காட்டு. ஆனால், ஒரு பாட்டுக்கு முப்பது நாற்பது வயலின் கலைஞர்கள் ஒருங்கே அமர்ந்து வாசித்த பதிவுக் கூடங்களில், விசைப்பலகை ஒன்றே அவர்கள் வேலையைச் செய்யத் தொடங்கியபோது, பலர் வருவாய் குறைந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஒருவரின் துணிவு மற்றொருவரின் இழப்பாக முடியவும் கூடும்.

ஆகவேதான் தனிமனிதத் துணிவு மட்டும் போதாது. நியாயமான நெறியும் சட்டமும் வேண்டும். 2023இல் அமெரிக்காவில் திரைக்கதை ஆசிரியர்கள் 148 நாட்களும் நடிகர்கள் 118 நாட்களும் வேலைநிறுத்தம் செய்தனர். செயற்கை நுண்ணறிவைத் தங்கள் இசைவின்றியும் ஊதியமின்றியும் பயன்படுத்தலாகாது என்பது அவர்கள் கோரிக்கைகளுள் ஒன்று. பொறியை உடைக்கவேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. பொறி யாருக்குப் பணிய வேண்டும் என்றே கேட்டனர்.

தமிழிலும் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. 2024 சனவரியில் வெளியான 'லால் சலாம்' படப் பாட்டொன்றில், 1998இல் மறைந்த சாகுல் ஹமீது, 2022இல் மறைந்த பம்பா பாக்கியா ஆகியோரின் குரல்கள் செயற்கை நுண்ணறிவின் துணையோடு மீண்டும் ஒலித்தன. அவர்கள் குடும்பத்தாரிடம் இசைவு பெற்று, உரிய ஊதியமும் வழங்கப்பட்டதாக இசையமைப்பாளர் ரஹ்மான் அறிவித்தார். மறைந்தவர் குரலை எழுப்புவது தகுமா என்று கேட்போர் உளர்; அக்கேள்வி எளிதில் தீராது. எனினும் கேட்டுப் பெறுதல், பெயரைச் சொல்லுதல், உரியதைக் கொடுத்தல் என்னும் மூன்றும் அங்குக் காணப்பட்டன. இம்மூன்றும் இல்லாதவிடத்துத் தொழில்நுட்பம் கலைக்குத் துணையாகாது, களவுக்குத் துணையாகும்.

நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், நிகழ்த்துகலைஞருக்கான உரிமை 1994இல் சேர்க்கப்பட்டு, 2012இல் மேலும் விரிவாக்கப்பட்டது. நடிகர், பாடகர், ஆடுபவர் மட்டுமன்றி, கழைக்கூத்தாடியும் செப்பிடுவித்தைக்காரரும் பாம்பாட்டியும்கூட அச்சட்டத்தின் கண்ணில் நிகழ்த்துகலைஞரே. அவர்கள் நிகழ்ச்சியைப் பதிவு செய்து வணிகமாக்க அவர்கள் இசைவு வேண்டும். இதை அறிந்த நாட்டுப்புறக் கலைஞர் எத்தனை பேர்? அறிவிக்கும் கடமை யாருடையது? கற்றவர்களாகிய நம்முடையதன்றோ?

வில்லின் எதிர்காலம்

மீண்டும் வில்லுக்கு வருவோம். நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984இல் நம் நாகர்கோவிலில்தான் தொடங்கப்பட்டது. ஆதலின் ஒலிபரப்புக் கருவி நம் மாவட்டத்துக்கு அயலானதன்று. இன்று ஒவ்வோர் இளைஞன் சட்டைப்பையிலும் ஒலிப்பதிவுக் கூடமும் படப்பிடிப்புக் கருவியும் ஒருங்கே அடங்கிய கைப்பேசி இருக்கிறது. ஆனால் கொடை விழாவில் எடுக்கப்படும் அரை நிமிடக் காட்சியில், பாடுவோர் யார், எந்த ஊர்க் குழு, என்ன கதை என்னும் குறிப்பேதும் பெரும்பாலும் இருப்பதில்லை. கௌஹர் ஜான் தம் பெயரைத் தாமே கூவினார். நம் வில்லிசைக் கலைஞரின் பெயரைக் கூறுவார் யார்?

கருவியின் எல்லையையும் நாம் அறிந்திருக்க வேண்டும். வில்லுப்பாட்டில் வலம்பாடுவோரும் இடம்பாடுவோரும் கதையை மாறி மாறி ஏந்திச் செல்ல, உடுக்கையும் குடமும் தாளமும் உடன் ஒலிக்க, இரவு முழுதும் கதை வளரும். அவையோரின் முகக்குறிப்பு அறிந்து புலவர் கதையை விரிப்பார், சுருக்குவார். தக்கலையில் பீர்முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சியை ஆண்டுதோறும் கூடியிருந்து பாடும் மரபையும் எண்ணிப் பாருங்கள். அப்பாட்டின் ஒலியைப் பொறி பிடித்துவிடும்; தோளோடு தோள் சேர்ந்து பாடும் அந்த ஒருமையை எந்தப் பொறியால் பிடிக்க முடியும்? பதிவு என்பது கலைக்கு மாற்று அன்று. கலையிடம் அழைத்துச் செல்லும் வழிகாட்டி.

ஆதலால் நம் தமிழ்த்துறை மாணவர்கள் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. விடுமுறை நாட்களில் இருவர் மூவராகச் சேர்ந்து, தம் ஊரை அடுத்த வில்லிசைக் கலைஞரையோ, தாலாட்டும் ஒப்பாரியும் அறிந்த மூதாட்டியையோ, பைத்தும் முனாஜாத்தும் பாடவல்ல பெரியவரையோ அணுகலாம். இசைவு பெற்று முழுமையாகப் பதிவு செய்து, பெயர், ஊர், கற்ற இடம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளலாம். பதிவின் படியொன்றை முதலில் அவர்கள் கையில் ஒப்படைக்கவேண்டும். கருவியை இயக்கும் முறையை அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கே கற்பித்தால் இன்னும் நன்று. அப்போது கலைஞர் கருவிக்கு முன்னால் அமர, அவர் பேரப்பிள்ளை கருவிக்குப் பின்னால் நிற்பார். அச்சம் அங்கே இடமின்றிப் போகும்.

முடிவுரை

"வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்பது பழமொழி. ஆனால் புல்லை ஆயுதமாக்குவது வல்லமையே அன்றிப் புல் அன்று. கற்பனை வறண்டவன் கையில் எத்தகைய பொறியும் வெறும் இரைச்சலையே எழுப்பும். கற்பனை வளமுடையவன் கையில் மண்குடமும் இசைபாடும். கலைஞர் அச்சம் வென்ற வரலாற்றிலிருந்து நாம் பெறுவன மூன்று. தன் கலையில் பொறியால் எட்ட முடியாதது எது என்று அறிதல் ஒன்று. பொறியின் இயக்கத்தை அஞ்சாது கற்று அதன் பின்னாலும் நிற்றல் இரண்டு. இழப்புக்கு உள்ளாகும் உடன்கலைஞரைக் கைவிடாமல் அவருக்குரிய பெயரும் பொருளும் உரிமையும் கிடைக்கச் செய்தல் மூன்று. முதலிரண்டையும் தனிக்கலைஞர் தம் முயற்சியால் பெறலாம். மூன்றாவது, சமுதாயம் முழுவதும் சேர்ந்து செலுத்த வேண்டிய கடன். ஒழுகினசேரியின் எளிய இல்லத்துச் சிறுவர் ஒருவர் வில்லையும் திரையையும் ஒருங்கே ஆண்டு காட்டினார். அவர் பிறந்த மாவட்டத்தில் பயிலும் நாம், நமக்கு முன் வந்து நிற்கும் புதிய பொறியைக் கண்டு ஓடவும் வேண்டா. அதை வணங்கவும் வேண்டா. அதை நம் வீட்டுக் கருவியாக்கிக்கொண்டு, நம் கதையை நம் குரலிலேயே பாடுவோமாக.